ஓசியாவின் புத்தகத்தோடு கர்த்தரிடம் திரும்புதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர்கள், வீட்டில் குடும்ப ஜெபம் நடத்துகிறவர்கள், தசமபாகத்தைத் தனியாக எடுத்து வைக்கிறவர்கள், அப்படியிருந்தும் தேவனை விட்டு எங்கோ தூரம் போய்விட்டோம் என்று உள்ளுக்குள் உணர்கிறவர்கள்: உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆவிக்குரிய விபசாரம் என்ற கடுமையான குற்றச்சாட்டை வேதாகமம் பெரும்பாலும் தேவனுடைய சொந்த ஜனங்களைப் பார்த்தே சொல்லுகிறது. உடன்படிக்கை செய்தவர்கள்தானே அதை மீற முடியும்?

மனந்திரும்புதலைப் பற்றி நாம் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். கையை உயர்த்தச் சொல்லுகிறார்கள், முன்னால் வரச் சொல்லுகிறார்கள், கண்ணீரோடு வீட்டுக்குப் போகிறோம். திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகம் சொல்லித் தருகிறது. அதன் கடைசி அதிகாரத்தில், திரும்பி வருகிறவன் என்னென்ன வார்த்தைகளைச் சொல்ல வேண்டும் என்பதைக்கூட தேவன் தீர்க்கதரிசியின் வழியாக எடுத்துக் கொடுக்கிறார். அந்தப் புத்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டே படிப்படியாகப் போவோம். ஒரு பைபிள், ஒரு நோட்டு, பேனா போதும். முதல் நாளில் ஒரு மணி நேரமும், அப்புறம் சில வாரங்களும் இதற்கு ஒதுக்க வேண்டியிருக்கும்.

தொடங்குமுன்: அந்தக் காலத்தில் நடந்தது என்ன?

ஓசியா ஊழியம் செய்தது வட இஸ்ரவேலில், கி.மு. 8ஆம் நூற்றாண்டில். இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட அந்தக் காலம் நல்ல செழிப்பான காலம். 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழு அந்த நாட்டின் தலைநகரான சமாரியாவைத் தோண்டியபோது, மையால் எழுதப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. பழைய திராட்சரசம் ஒரு ஜாடி, சுத்தமான எண்ணெய் ஒரு ஜாடி என்று தலைநகருக்கு வந்த சரக்குக்கான ரசீதுகள் அவை. அவற்றில் உள்ள ஆட்களின் பெயர்களைப் பார்த்தால் சிலவற்றில் கர்த்தருடைய நாமம் இருக்கிறது, சிலவற்றில் பாகாலின் பெயர் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே கணக்குப் பதிவு, இரண்டு தெய்வங்களின் பெயர்கள்.

பாகால் யார் என்பதை சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற இடத்தில் 1929 முதல் கிடைத்த களிமண் பலகைகள் தெளிவாகக் காட்டுகின்றன. அவன் மேகங்களின்மேல் ஏறி வருகிறவன், இடியும் மழையும் கொடுக்கிறவன். எகிப்தில் நைல் நதி இருந்தது. கானானிலோ வானம் பொய்த்தால் விளைச்சல் இல்லை. ஆகவே இஸ்ரவேல் விவசாயி இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தான்: எகிப்திலிருந்து விடுதலையாக்கியவர் கர்த்தர், அவருக்குப் பண்டிகையும் ஓய்வுநாளும் உண்டு, மழைக்கு மட்டும் பாகாலையும் கும்பிட்டுக்கொள்வோம். ஓசியா 2:11இல் மாதப்பிறப்பும் ஓய்வுநாளும் பண்டிகைகளும் தொடர்ந்து நடந்துகொண்டிருந்ததைப் பார்க்கிறோம். ஆலயம் காலியாகவில்லை. துரோகம் அதற்குள்ளேயே நடந்தது.

யெரொபெயாம் இறந்ததும் எல்லாம் சரிந்தது. அவனுக்குப் பின் வந்த ஆறு ராஜாக்களில் நான்கு பேர் கொலை செய்யப்பட்டார்கள். மெனாகேம் என்ற ராஜா அசீரிய ராஜாவின் தயவைப் பெற ஆயிரம் தாலந்து வெள்ளி கொடுத்தான். நாட்டின் பணக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் 50 சேக்கல் வசூலித்து அதைக் கட்டினான். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று கணக்குப் போட்டால், சுமார் 60,000 பேரிடம் பிடுங்கிய பணம் அது. கடைசி ராஜாவான ஓசெயா அசீரியாவுக்குக் கப்பம் கட்டிக்கொண்டே எகிப்துக்கு ஆள் அனுப்பினான். அசீரியப் படை வந்து மூன்று வருஷம் முற்றுகையிட, கி.மு. 722 வாக்கில் சமாரியா விழுந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான், ஓசியா ஏன் பாகாலையும் அசீரியாவையும் ஒரே மூச்சில் பேசுகிறார் என்பது புரியும். அவருக்கு இரண்டும் ஒரே துரோகம்.

முதல் படி: முழுப் புத்தகத்தையும் ஒரே அமர்வில் வாசியுங்கள்

14 அதிகாரங்கள், 197 வசனங்கள். நிதானமாக வாசித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நமக்குத் தெரிந்ததெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமான வசனங்கள்: "என் ஜனங்கள் அறிவில்லாமையினால் சங்காரமாகிறார்கள்" என்பது ஒன்று, காற்றை விதைத்துச் சூறைக்காற்றை அறுப்பது இன்னொன்று. முழுதாக வாசிக்கும்போதுதான் தேவனுடைய குரல் எப்படி மாறி மாறி ஒலிக்கிறது என்பது காதில் விழும். கோபம், ஏக்கம், வழக்கு, மறுபடியும் ஏக்கம். நடுவில் நான்கு முதல் பத்து வரையுள்ள அதிகாரங்கள் தாவித் தாவிப் போகும். புரியாத இடத்தில் நின்றுவிடாமல் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

வாசிக்கும்போது இரண்டு விஷயங்களை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இஸ்ரவேல் எதையெல்லாம், யாரையெல்லாம் நம்பியது? தேவன் எந்த இடங்களில் கேள்வி கேட்கிறார்? முதல் பட்டியல் நீளமாக வரும்: பாகால், பெத்தேலின் கன்றுக்குட்டி, அசீரியா, எகிப்து, குதிரைகள், ராஜாக்கள், கோட்டைகள், கள்ளத்தராசு. இது பின்னால் உதவும்.

முதல் மூன்று அதிகாரங்களைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திப்லாயிமின் மகள் கோமேரை ஓசியா மணக்கிறார், அவள் சோரம்போகிறாள், மூன்றாம் அதிகாரத்தில் 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து ஒரு பெண்ணை மீட்டுக்கொண்டு வருகிறார். அந்தப் பெண்ணின் பெயர் அங்கே இல்லை, ஆனால் அவள் கோமேர்தான் என்றே பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். இந்தக் கதையை எடுத்து, அடிக்கிற கணவனோடும் ஏமாற்றுகிற கணவனோடும் ஒரு பெண் பொறுமையாக வாழ்ந்துதான் ஆக வேண்டும் என்று புத்தி சொல்லுகிறவர்கள் உண்டு. அது மிகவும் தவறு. ஓசியாவின் குடும்பம் தேவனுடைய மனவேதனையைக் காட்டும்படி ஒரு தீர்க்கதரிசிக்குக் கொடுக்கப்பட்ட தனி அடையாளம், எல்லா வீட்டுக்குமான சட்டம் கிடையாது. பெண்களை மட்டும் குற்றவாளியாக்கவும் இந்தப் புத்தகம் இடங்கொடுப்பதில்லை. 4:14இல், உங்கள் மகள்களையும் மருமகள்களையும் நான் தண்டிக்க மாட்டேன், ஆண்களே வேசிகளோடு போகிறார்களே என்று தேவன் வெளிப்படையாகச் சொல்லுகிறார். இந்த உருவகத்தில் ஆணும் பெண்ணுமாக நாம் எல்லாரும் கோமேரின் இடத்தில்தான் நிற்கிறோம்.

இரண்டாம் படி: உங்கள் அப்பத்தை யார் கொடுத்தது என்று எழுதிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுதான். 2:5இல் அந்தப் பெண் சொல்லுவதைக் கவனியுங்கள். என் அப்பம், என் தண்ணீர், என் ஆட்டுமயிர், என் பஞ்சு, என் எண்ணெய், என் பானங்கள்: இந்த ஆறையும் என் நேசர்கள் கொடுக்கிறார்கள், அவர்கள் பின்னே போவேன் என்கிறாள். மூன்று வசனங்கள் தள்ளி தேவனுடைய பதில் வருகிறது. தானியத்தையும் திராட்சரசத்தையும் எண்ணெயையும் கொடுத்தது நான் என்பது அவளுக்குத் தெரியவில்லையே, நான் கொடுத்த வெள்ளியையும் பொன்னையும் பாகாலுக்கு ஆக்கினார்களே! ஆவிக்குரிய துரோகம் எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. கெட்ட ஆசை வருவதற்கு முன்பே, நன்றி தவறான விலாசத்துக்குப் போய்விடுகிறது.

நோட்டில் ஒரு பக்கத்தை நெடுக்காகப் பிரியுங்கள். இடப்பக்கத்தில் உங்களுடைய ஆறு பொருள்களை எழுதுங்கள். சம்பளம், வீடு, பிள்ளையின் படிப்பு, ஊரில் உள்ள மரியாதை, உடல்நலம், வயதான காலத்துக்கான சேமிப்பு என்று உங்களுக்கு எது அப்பமோ அது. வலப்பக்கத்தில், "இது கையை விட்டுப் போய்விடுமோ என்று பயம் வரும்போது நான் முதலில் ஓடுவது யாரிடம்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதிலை எழுதுங்கள். ஜெபக்கூட்டத்தில் சொல்லுகிற பதிலை எழுதக்கூடாது. போன தடவை பயம் வந்தபோது உண்மையில் என்ன செய்தீர்களோ அதை எழுத வேண்டும்.

நம்முடைய வீடுகளுக்குள் பாகால் எந்த வேஷத்தில் வருகிறது என்பதற்கு ஒன்றிரண்டைச் சொல்லுகிறேன். ஜனவரி 1ஆம் தேதி நடுராத்திரி ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டை ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும். அதே சமையலறைச் சுவரில் தொங்குகிற தினசரி நாட்காட்டியில் ராகு காலம் பார்த்துத்தான் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு நேரம் குறிக்கப்படும். "போதகர் வருவதற்கு வசதியான நேரம்" என்று வெளியே சொல்லிக்கொள்வோம். இது எளிதாகக் கண்ணில் படுகிற உதாரணம்.

இதைவிட ஆழமாக வேர்விட்டிருப்பது சாதி. ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைக்கு வரன் தேடும்போது, "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற" என்று எழுதிவிட்டு அதே வரியில் சாதிப் பெயரையும் சேர்த்து எழுதுகிறோம். அது இல்லாவிட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள்: பாதுகாப்பையும் மரியாதையையும் எனக்குக் கொடுப்பது சாதி, பாவமன்னிப்பைக் கொடுப்பது கிறிஸ்து. இஸ்ரவேல் விவசாயி செய்த அதே பாகப்பிரிவினை. வரதட்சணையும் இப்படித்தான். ஆலயத்தில் மோதிரம் ஆசீர்வதிக்கப்படுவதற்கு முன்பே எத்தனை பவுன், எத்தனை லட்சம் என்று பேசி முடித்திருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு மனது வலிக்கிறது. இந்த இரண்டுக்காகவும் சபையாக நாம் இன்னும் ஒழுங்காக அழவில்லை.

வேறு சிலருக்கு வலப்பக்கத்தில் எழுத வேண்டியது இன்னும் கண்ணியமான பெயராக இருக்கும். ஊழியமே பாகாலாகலாம். கூட்டத்தின் அளவு, பாடல் குழுவில் தனக்குள்ள இடம், சபைக் கமிட்டியில் பதவி இவையெல்லாம் ஆகலாம். ஓசியா 7:8 எப்பிராயீமை, அதாவது வட இஸ்ரவேலை, திருப்பிப்போடாத அப்பம் என்கிறது. தோசை ஒரு பக்கம் கருகிப்போய் மறுபக்கம் மாவாகவே இருப்பதுபோல, தேவனுடைய விஷயங்களில் சூடேறிப்போன ஒரு பகுதியும், அவருடைய கை படவே படாத இன்னொரு பகுதியும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். உங்களிடம் திருப்பிப்போடாத பக்கம் எது? அதற்கு அடுத்த வசனம், தலையில் நரை தெளித்திருப்பதை அவன் அறியாமலிருக்கிறான் என்கிறது. ஆகவே இந்தப் பக்கத்தை நீங்கள் எழுதி முடித்ததும், உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், மனைவியிடமோ கணவனிடமோ நெருங்கிய நண்பரிடமோ காட்டி, "எதையாவது விட்டுவிட்டேனா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றை விட்டிருப்பீர்கள்.

மூன்றாம் படி: முள்வேலியைப் பாருங்கள்

2:6இல் தேவன், உன் வழியை முள்ளுகளினால் அடைப்பேன் என்கிறார். அவள் நேசர்களைத் தேடி ஓடுவாள், பிடிக்க முடியாது. அப்போதுதான் என் முதல் புருஷனிடமே திரும்பிப்போவேன் என்று நினைப்பாள். உங்கள் பட்டியலில் உள்ள எந்த நேசர் இப்போது கைவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். நம்பியிருந்த மனிதர் போனை எடுப்பதில்லை, பணம் வந்தும் நிம்மதி வரவில்லை, பாராட்டு ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை. அந்த ஏமாற்றம் இரக்கமாகவும் இருக்கலாம்.

ஆனால் இங்கே அளவு தாண்டிவிடக் கூடாது. எல்லா நோயையும் இழப்பையும் "நீ செய்த பாவத்துக்கு" என்று முடிச்சுப் போடுவதை இயேசுவே யோவான் 9:3இல் மறுத்திருக்கிறார். உங்கள் வேலியை நீங்கள் பாருங்கள். அடுத்தவருடைய கஷ்டத்தைக் காட்டி இதுதான் முள்வேலி என்று விளக்கம் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

நான்காம் படி: அவசர மனந்திரும்புதலை அடையாளம் காணுங்கள்

ஓசியா 6:1 முதல் 3 வரை நம் கூட்டங்களில் அடிக்கடி வாசிக்கப்படுகிற பகுதி. கர்த்தரிடத்தில் திரும்புவோம் வாருங்கள், பீறினவர் குணமாக்குவார், மூன்றாம் நாளில் நம்மை எழுப்புவார், மழையைப்போல் வருவார் என்று அழகாகப் போகிறது. ஆனால் உடனே அடுத்த வசனத்தில் தேவன் மனம் நொந்து, எப்பிராயீமே உன்னை என்ன செய்வேன், உங்கள் பக்தி காலையில் காணும் மேகம்போல மறைந்துபோகிறதே என்கிறார். இதை உண்மையான அழைப்பாகவே வாசிக்கிற உரையாசிரியர்களும் உண்டு. நாலாம் வசனத்தின் பெருமூச்சைக் கேட்டபிறகு என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை.

அந்த மூன்று வசனங்களையும் 14:1 முதல் 3 வரையுள்ள வசனங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆறாம் அதிகாரத்தில் காயம் இருக்கிறது, கட்டு இருக்கிறது, மழை இருக்கிறது. பாவம் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. பாகாலின் பெயர் இல்லை, அசீரியாவின் பெயர் இல்லை. கேட்பதெல்லாம் சுகம்தான், அதிலும் கடைசியில் கேட்பது மழை. பாகாலிடம் எதைக் கேட்டார்களோ அதையேதான் கர்த்தரிடமும் கேட்கிறார்கள். ஆள் மாறிவிட்டார், பேரம் மாறவில்லை. பதினான்காம் அதிகாரமோ அக்கிரமம் என்ற வார்த்தையோடுதான் தொடங்குகிறது, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கைவிடுகிறது.

7:14இல் இன்னும் கூர்மையாக, அவர்கள் படுக்கைகளில் அலறுகிறார்கள், ஆனால் இருதயத்தில் என்னை நோக்கிக் கூப்பிடுவதில்லை, தானியத்துக்காகவும் திராட்சரசத்துக்காகவும் கூடுகிறார்கள் என்று வாசிக்கிறோம். சத்தமும் கண்ணீரும் இருந்தும் தேவனைக் கூப்பிடாமல் இருக்க முடியும் என்பது என்னை நடுங்கவைக்கிறது. முழு இரவு ஜெபத்துக்கோ உபவாசக் கூட்டத்துக்கோ நான் எதிரி கிடையாது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் உங்களிடமே ஒன்றைக் கேளுங்கள்: நான் கேட்டது கிடைக்காமலே போனாலும் எனக்கு அவர் வேண்டுமா? பதில் "தெரியவில்லை" என்று வந்தால், அதையே அவரிடம் சொல்லுங்கள். அடுத்த படி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஐந்தாம் படி: வார்த்தைகளைக் கொண்டு திரும்புங்கள்

"வார்த்தைகளைக் கொண்டு கர்த்தரிடத்தில் திரும்புங்கள்" என்கிறது 14:2. காளையைக் கொண்டுவரச் சொல்லவில்லை, உதடுகளின் காளைகள் போதும் என்கிறார். என்ன வார்த்தை? முதலில் எல்லா அக்கிரமத்தையும் நீக்கும், எங்களைத் தயவாய் ஏற்றுக்கொள்ளும் என்ற வேண்டுதல். அப்புறம் மூன்று கைவிடுதல்கள்: அசீரியா எங்களை இரட்சிப்பதில்லை, குதிரைகளின்மேல் ஏறமாட்டோம், எங்கள் கைகளின் கிரியையைப் பார்த்து நீங்கள் எங்கள் தேவர்கள் என்று இனிச் சொல்லமாட்டோம். கடைசியில் ஒரு அறிக்கை: திக்கற்றவன் உம்மிடத்தில் இரக்கம் பெறுகிறான்.

உங்கள் நோட்டின் வலப்பக்கத்தை எடுத்து இந்த மூன்றுக்குள் பொருத்துங்கள். யாருடைய தயவை நம்பி உண்மையை விட்டுக்கொடுத்தீர்களோ அவர் உங்கள் அசீரியா. உங்களுக்கென்று சேர்த்துவைத்த பலம், அதாவது பணம், படிப்பு, செல்வாக்கு, இதெல்லாம் குதிரை. நீங்களே உருவாக்கி நீங்களே வணங்குகிறது எதுவோ அது கைகளின் கிரியை. பிறகு ஜெபத்தை எழுதுங்கள். பொதுவாக எழுதினால் பயனில்லை. "நாங்கள் பாவிகள், எங்களை மன்னியும்" என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் எதையும் ஒளித்துவைத்துக்கொள்ளலாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"கர்த்தாவே, என் மகனுக்குப் பெண் பார்க்கும்போது உம்மைக் கேட்பதற்கு முன் சாதியைக் கேட்டேன். சொந்தக்காரர் முன்னால் தலைகுனியக் கூடாது என்பதற்காக, உம்முடைய பிள்ளையான ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொன்னேன். என் மரியாதையைக் காப்பாற்றுவது என் சாதி என்று நம்பினேன். அது என்னை இரட்சிக்காது. இனி அதைப் பார்த்து நீதான் என் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். நான் திக்கற்றவன். இரக்கம் உம்மிடத்தில் மட்டும்தான் கிடைக்கும்."

இதைச் சத்தமாகச் சொல்லுங்கள், முழங்காலில் நின்றோ உட்கார்ந்தோ எப்படியானாலும் சரி. தொண்டையில் அடைக்கிற வரி எதுவோ, அந்த இடத்தில் நிறுத்தி அதையே மறுபடியும் சொல்லுங்கள். கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர்கள் இதே தாளோடு ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகலாம். மற்றவர்கள் நம்பகமான ஒரு போதகரிடமோ மூத்த விசுவாசியிடமோ வாசித்துக் காட்டலாம். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்பது யாக்கோபு 5:16. ரகசியம் காக்கிறவரா என்பதை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஆகோருக்குப் போங்கள்

2:15இல் ஆகோரின் பள்ளத்தாக்கை நம்பிக்கையின் வாசலாகக் கொடுப்பேன் என்று ஒரு வாக்கு இருக்கிறது. ஆகோர் என்பது யோசுவா 7இல், கொள்ளையில் திருடிய ஆகான் தண்டிக்கப்பட்ட இடம். ஒரு நல்ல பாபிலோனிய சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளம். இவற்றைக் கூடாரத்தின் நடுவே மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தான். புதைத்ததை வெளியே எடுத்து அவனோடு கொண்டுபோன அந்த இடத்தில்தான் வாசல் திறப்பேன் என்கிறார் தேவன். ஆகவே ஜெபத்தோடு நிறுத்திவிட முடியாது.

யாருக்கு நஷ்டம் உண்டாக்கினீர்களோ அவரிடம் போங்கள். எண்ணாகமம் 5:7 அசலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லுகிறது. சகேயு நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். ஓசியா 12:7 கள்ளத்தராசைப் பற்றிப் பேசுகிறது. கடை வைத்திருப்பவர்கள், ஒப்பந்த வேலை செய்கிறவர்கள், கூலியைக் குறைத்துக் கொடுத்தவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். வரதட்சணை வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டாலும் ஒரு தேதி குறியுங்கள்.

பாதிக்கப்பட்டவர் கேட்பதற்கு முன் மேடையில் சாட்சி சொல்லிவிடாதீர்கள். அவருடைய காயத்தை உங்கள் சாட்சிக்குக் கருப்பொருளாக்க உங்களுக்கு உரிமையில்லை. அவர் மன்னித்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும் கூடாது. சட்டப்படி குற்றமான காரியம் என்றால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு எதிராகச் செய்தது என்றால், "தேவன் மன்னித்துவிட்டார்" என்று சபைக்குள் மூடிவைப்பது மறுபடியும் கூடாரத்துக்குள் குழி தோண்டுவதாகும். அதை உரிய அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: அநேக நாள் காத்திருங்கள்

மீட்டுக்கொண்டு வந்த பெண்ணிடம் ஓசியா, நீ அநேக நாள் எனக்காகக் காத்திரு, நானும் உனக்காகக் காத்திருப்பேன் என்கிறார். உடனே எல்லாம் பழையபடி ஆகவில்லை. நேசர்களும் இல்லை, பழைய சந்தோஷமும் இன்னும் வரவில்லை. மனந்திரும்பியவர்கள் மறுபடியும் விழுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஜெபத்தில் ஒன்றும் உணர முடியவில்லை, ஆகவே நடந்தது பொய்யோ என்று நினைத்துவிடுகிறார்கள். பொய் இல்லை. தரிசு நிலத்தைப் பண்படுத்துங்கள், கர்த்தரைத் தேடக் காலமாயிருக்கிறது என்று 10:12 சொல்லுகிறது. உழுகிற வேலையை நாம் செய்ய வேண்டும், மழையை அவர் அனுப்புவார். தினம் ஒரு அதிகாரம், நேரம் தவறாத ஜெபம், ஞாயிறு, ஏழைக்கு ஓர் உதவி, இவ்வளவே போதும். பெரிய பொருத்தனைகள் எதுவும் இப்போது வேண்டாம்.

எட்டாம் படி: மன்னிப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள்

சிலருக்கு மற்ற ஏழு படிகளையும்விட இதுதான் கடினம். எத்தனை முறை அறிக்கையிட்டாலும் குற்ற உணர்வு விடுவதில்லை. பவுல் 2 கொரிந்தியர் 7:10இல் தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது இரட்சிப்புக்கு ஏதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, இரண்டாவது மரணத்தை. உங்கள் துக்கம் உங்களை அவர் பக்கம் நகர்த்தாமல், தூக்கத்தையும் சாப்பாட்டையும் உயிர்மேல் உள்ள ஆசையையும் எடுத்துப்போகிறது என்றால், தயவுசெய்து போதகரிடம் மட்டுமல்லாமல் ஒரு மருத்துவரிடமும் போங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றுமில்லை.

11:8இல் தேவன் தம்மோடு தாமே போராடுகிறார்: "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" 14:4இல் பதில் வந்துவிடுகிறது: சீர்கேட்டைக் குணமாக்குவேன், மனப்பூர்வமாய்ச் சிநேகிப்பேன், என் கோபம் நீங்கிற்று. நாம் சரியான பின் நேசிப்பேன் என்று அவர் சொல்லவில்லை, சீர்கேட்டை நோயாகக் கையில் எடுக்கிறார். ஓசியாவின் இரண்டு பிள்ளைகளுக்கு, இரக்கம் பெறாதவள் என்றும் என் ஜனமல்ல என்றும் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர்களைத் திருப்பி, இப்போது இரக்கம் பெற்றவர்கள், தேவனுடைய ஜனம் என்று ரோமர் 9உம் 1 பேதுரு 2:10உம் எழுதுகின்றன. இஸ்ரவேல் ஜனத்தோடு எந்த ரத்த சம்பந்தமும் இல்லாத நாம் உள்ளே வந்தது அந்த வழியாகத்தான். திருவிருந்துக்கு முன் இந்த வசனங்களை வாசித்துவிட்டுப் போய், கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடியும் விழுந்தால்?

விழக்கூடும். முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டியதில்லை. நேரே ஐந்தாம் படிக்குப் போங்கள், அன்றைக்கே போங்கள். புதிதாக எழுதுவதற்கு முன் பழைய தாளை ஒருமுறை வாசியுங்கள். அதே அசீரியாவா, வேறு பெயரில் வந்ததா என்று பார்க்க அது உதவும். அதேதான் என்றால், ஆறாம் படியில் ஏதோ ஒன்று இன்னும் மண்ணுக்குள் புதைந்திருக்கலாம்.

ஓசியாவை முடித்தபின் எரேமியா 2, 3 அதிகாரங்களை வாசியுங்கள். அவர் யூதாவுக்கு ஓசியாவின் உருவகத்திலேயே பேசுகிறார். அப்புறம் லூக்கா 15. கடைசியாக வெளிப்படுத்தல் 2இல் எபேசு சபைக்கு எழுதிய ஏழு வசனங்கள். உழைப்பும் பொறுமையும் சரியான உபதேசமும் இருந்தும் ஆதி அன்பை விட்டுவிட்ட ஒரு சபைக்கு எழுதியது அது. எசேக்கியேல் 16உம் இதே வரிசையில் வருகிறது. ஆனால் அதன் வர்ணனைகள் மிகக் கடுமையானவை. வன்முறையை அனுபவித்தவர்கள் அதைத் தனியாக வாசிக்காமல் துணையோடு வாசிப்பது நல்லது.